முதுகுக்கு ஒரு வசனம்

என் தொழில் அடுத்தவர் வாயில் பேசுவது. டப்பிங். இருபத்தாறு வருடத்தில் போலீஸ்காரிக்குப் பேசியிருக்கிறேன், பேய்க்குப் பேசியிருக்கிறேன், பற்பசை விளம்பரம் ஒன்றில் சொத்தை விழுந்த கடைவாய்ப் பல்லுக்கும் பேசியிருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் யாராவது என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் அதற்குக் காரணம் ஓர் அணில்தான். குழந்தைகள் தொடர் ஒன்றில் ஒன்பது வருடமாக அந்த அணில் நான்தான். வாரம் தவறாமல் அதற்கு அழுகை வந்துவிடும். கொட்டையைத் தொலைக்கும், இல்லாவிட்டால் யாராவது வாலை மிதிப்பார்கள். உடனே மூக்கின் உச்சியிலிருந்து "க்கீ க்கீ க்கீய்ய்" என்று ஆரம்பிக்கும். ஒன்பது வருடம் இப்படி அழுதவளுக்கு என்ன ஆகும்? சொந்த அழுகை காணாமல் போகும்.

சும்மா அளக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடக் குடித்தனம். விஷயம் தெரிந்து தங்கை ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் வாயைத் திறந்து அழுதேன். வந்தது அணில். பாவம், அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள், கடைசியில் சோபாவில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைத் திட்டிப் பிரயோசனமில்லை. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அன்றோடு அழுகைக்கு ஒரு கும்பிடு போட்டேன். அழ வேண்டும் போலிருந்தால் பாத்ரூம் தரையைத் தேய்ப்பேன். இன்றைக்கு என் பாத்ரூமில் ஆப்பரேஷனே செய்யலாம்.

இந்த நிலைமையில்தான் ஒன்மோர் வந்து சேர்ந்தான்.

இருபத்தொன்பது வயது. தாடி மட்டும் அவனைவிடப் பத்து வயது மூத்தது. அவனே எழுதி, அவனே இயக்கி, வேறு ஆள் கிடைக்காததால் அவனே நாயகனாகவும் நடித்த படம். பெயர் 'நீ போன பிறகு நான் கழுவிய பாத்திரங்கள்'. கிண்டல் செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சரி, கதையைச் சொல்லப்பா என்றேன். ஒருத்தி ஒருவனை விட்டுப் போகிறாள். அவள் வளர்த்த வாத்து மட்டும் அவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. முதல் அரை மணி நேரம் அவனும் வாத்தும் முறைத்துக்கொள்கிறார்கள். அடுத்த அரை மணி நேரம் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். மீதி நேரத்தில் ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிறார்கள். இதற்கு ஒரு மணி நாற்பது நிமிடம்.

நாயகியாக நடித்த பெண் அவனுடைய நிஜக் காதலி. விட்டுப் போவதாக நடிக்க வந்தவள், படப்பிடிப்பின் கடைசி நாளில் நிஜமாகவே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஒத்திகை பலித்துவிட்டது என்று சொல்லலாம். அவன் எதிரில் சொல்லக் கூடாது. டப்பிங்குக்கு வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாளாம். அவளுக்கு நான் பேச வேண்டும்.

"அப்படியே வாத்துக்கும் நீங்களே பேசிடுங்க மேடம்" என்றான்.

"வாத்துக்கு வாத்தே பேசலாமே?"

"பதினோரு நாள் ஷூட்டிங்ல அது வாயே திறக்கல. ரொம்ப உள்வாங்கி நடிச்சுடுச்சு."

ஸ்டூடியோ ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கீழே கல் அறுக்கும் மெஷின் ஓடினால் மேலே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஏசி இருமும் என்பதால் ரெக்கார்டிங்கின்போது அதையும் அணைத்துவிடுவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக், ஸ்கிரிப்ட் ஸ்டாண்ட், வியர்வையோடு நான். அந்தப் பக்கம் இயக்குநரும் சவுண்ட் இன்ஜினியரும். இன்ஜினியருக்கு நான் வைத்த பெயர் பொத்தான். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மனிதர் அதை அழுத்துவதற்கே அவ்வளவு யோசிப்பார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு பஸ் டிக்கெட் போதும்.

ஒன்மோர் என்ற பெயரும் என் உபயம்தான். எங்கள் தொழிலில் வசனம் சரியாக விழுந்தால் இயக்குநர் 'டேக் ஓகே' என்பார். விழாவிட்டால் 'ஒன் மோர்'. இவனுக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். நாயகி வெறுமனே "ம்" என்று சொல்வதற்குப் பதினாலு டேக். வாத்து கத்துவதற்கு இருபது.

"மேடம், இதுல ஒரு ஏமாற்றம் வேணும்."

"யாருக்கு? வாத்துக்கா?"

"வாத்துக்குத்தான். ஒன் மோர்."

இருபதைத் தாண்டினால் பொத்தான் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த காட்சியைத் திரையில் போட்டுவிடுவார். அவர் மட்டும் இல்லையென்றால் நாங்கள் இன்னும் அந்த "ம்"மிலேயே இருந்திருப்போம்.

முதல் நாள் மதியம் நான் டிபன் டப்பாவைத் திறந்தபோது அவன் மாடிப்படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடலையா என்றேன். பசிக்கலை என்றான். பசிக்காதவன் என் டப்பாவில் முக்கால்வாசியைக் காலி செய்தான். மறுநாள் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் இரண்டு டப்பா. எனக்கே என்மேல் எரிச்சல்தான். மூன்று வருடமாக ஒருத்திக்குச் சமைத்துச் சமைத்து அளவு மறந்துபோனவள், இந்தத் தாடிக்காரனுக்காக மறுபடி பெரிய பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் டப்பாவை அவன்தான் கழுவுவான். அப்படி ஒரு சுத்தம். படத்தின் தலைப்பில் பொய் இல்லை. மேடம் எந்த நாளில் அக்கா ஆனது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை.

அப்படிக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் கேட்டான். "அக்கா, உங்க வீட்டுக்காரர் போனப்ப என்ன சொல்லிட்டுப் போனார்?"

எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவனிடமும் சொன்னேன். "அழுதார். மன்னிச்சிடுன்னார். மூணு தரம் சொன்னார்."

அவன் குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "மூணு தரமா? குடுத்து வெச்சவங்கக்கா நீங்க."

அன்று சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பில், "எனக்கும் வாத்துக்கும் ஒரே ஆளு பேசுறீங்களாமே?" என்றது ஒரு பெண் குரல். நாயகி. பொத்தானிடமிருந்து என் எண்ணை வாங்கியிருக்கிறாள். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பின்னால் யாரோ சுவரில் இருக்கும் எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாத்துக்குக் கொஞ்சம் அடிக்குரல் வெச்சிருக்கேன்மா. குழம்பாது" என்றேன்.

அவள் சிரித்தாள். படத்தில் இருப்பதைவிட நிஜத்தில் நன்றாகச் சிரிக்கிறாள். பிறகு குரல் மாறியது. "அக்கா, ஒரே ஒரு விஷயம். கடைசி சீன்ல என் முதுகு மட்டும்தான் தெரியும். அவன் எழுதினதை நான் அப்பவே படிச்சேன். நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கிற மாதிரி எழுதியிருந்தான். தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். எங்கம்மா பாப்பாங்க, கடையில எல்லாரும் பாப்பாங்க. நான் யாரையும் ஏமாத்திட்டுப் போகலைக்கா. எனக்கு முடியல, போனேன். அதுக்கு ஊரறிய மன்னிப்புக் கேக்கணுமா?"

"என் வாயால வராது. போதுமா?" என்றேன். வாக்குக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் அவசரம்.

அவள் பயந்தது நியாயம்தான். உதடு தெரிந்தால் டப்பிங்காரி உதட்டுக்கு அடிமை. அது மூடும்போது மூட வேண்டும், திறக்கும்போது திறக்க வேண்டும். முதுகு தெரிந்தால் ராஜ்ஜியம் நம்முடையது. என்ன வேண்டுமானாலும் பேசலாம், யாரும் கண்டுபிடிக்க முடியாது. கதையில் ஓட்டை விழுந்த எத்தனையோ படங்களை நான் முதுகுகளை வைத்து அடைத்திருக்கிறேன். திருந்தவே திருந்தாத வில்லன் ஒருவனின் மனைவி, கதவைப் பார்த்தபடி, "அவர் திருந்திட்டார்" என்று சொன்னாள். அதைச் சொன்னது நான். படம் நூறு நாள் ஓடியது.

ஆறாம் நாள் காலை கடைசிக் காட்சி வந்தது. ஒரு அறை, ஒரு ஜன்னல், ஜன்னலைப் பார்த்து நிற்கும் அவள் முதுகு. தோள் ஒருமுறை ஏறி இறங்குகிறது. வலது கை கூந்தல் கிளிப்பைத் தொடுகிறது. தலை லேசாக அசைகிறது. பிறகு சட்டகத்தை விட்டுப் போய்விடுகிறாள். பத்தொன்பது விநாடி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படத்தில் மனிதர்கள் நடித்ததிலேயே உருப்படியான காட்சி அதுதான்.

ஸ்டாண்டில் வசனத் தாள் இருந்தது. 'என்னை மன்னிச்சிடு. தப்பு முழுக்க என்னோடது. உன்ன மாதிரி ஒருத்தன நான் இனிமே பாக்கவே மாட்டேன்.'

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மைக் முன்னால் நின்று முடியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லை எனக்கு. அதனால் கோழைத்தனமாக ஒரு வேலை செய்தேன். மளிகைச் சாமான் பட்டியல் படிப்பது போல அதைப் படித்தேன்.

"ஒன் மோர்."

மறுபடியும் படித்தேன். இந்த முறை கரண்ட் பில் வந்திருப்பதைச் சொல்வது போல.

"அக்கா, அழணும். உடைஞ்சு அழுதுகிட்டே சொல்லணும்."

"எனக்கு அழ வராதுப்பா."

"இருபத்தாறு வருஷ அனுபவம்னு சொன்னீங்க?"

"அதான் வராது."

"ஒரே ஒரு தடவக்கா. எனக்காக."

எனக்காக என்று அவன் கேட்டதில்தான் சறுக்கினேன். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "என்னை மன்னிச்..." என்று தொடங்கினேன். "க்கீய்ய்" என்று முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தான், ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பதற்றத்தில் பொத்தானை வேறு அழுத்திவிட்டதால் அந்தச் சிரிப்பு முழுசாக என் காதுக்குள் இறங்கியது. திரையில், தன்னைக் காதலித்தவனிடம் அணில் குரலில் மன்னிப்புக் கேட்டபடி அந்த அழகான முதுகு நின்றுகொண்டிருந்தது.

ஒன்மோர் எழுந்து நின்றுவிட்டான். "இது என் வாழ்க்கைக்கா. காமெடி ஷோ இல்ல."

எனக்கும் ஏறிவிட்டது. "அவ வாழ்க்கை இல்லையா? அவ நிஜத்துல என்ன சொல்லிட்டுப் போனா? ஷூட்டிங் சத்தத்தப் போடு, கேப்போம்."

படப்பிடிப்பின்போது அங்கேயே பதிவாகும் ஒலியை நாங்கள் பைலட் என்போம். தெரு இரைச்சலோடு கரகரவென்று இருக்கும். படத்துக்கு ஆகாது, உதடு எப்போது அசைகிறது என்று பார்த்துக்கொள்ள உதவும். முதுகுக்கு உதடு இல்லாததால் இந்தக் காட்சிக்கு மட்டும் பைலட் தேவையில்லை என்று அவன் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தான்.

"வேணாம்" என்றான்.

பொத்தான் அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சிரித்ததற்குப் பரிகாரம் செய்ய நினைத்தாரோ என்னவோ, போட்டுவிட்டார்.

ஹெட்போனில் முதலில் கேட்டது அவனுடைய குரல்தான். "கட்!" ஆனால் கேமரா நிற்கவில்லை. தூரத்தில் யாரோ, "வாத்து படியில இறங்குது, பிடி பிடி!" என்று கத்தினார்கள். தடதடவென்று காலடிகள். கேமராமேன் கேமராவை அணைக்காமல் வாத்தைப் பிடிக்க ஓடியிருக்கிறான். இப்படி ஒரு தவறு இந்தக் கோஷ்டியில்தான் நடக்கும். அறையில் அவனும் அவளும் மட்டும். பிறகு அவள் குரல், சோர்வாக, கோபமில்லாமல்.

"நான் கிளம்புறேன். படத்துக்கு இல்ல, நிஜமா. நான் என்ன சொன்னாலும் நோட்டுல எழுதிக்கிற. பதில் சொல்ல மாட்டேங்கிற. அந்த நீல வாளி எங்கம்மாவோடது, எடுத்துக்கிறேன்."

காலடிச் சத்தம். கதவு. அப்புறம் அவன் மூச்சு மட்டும்.

அதுவரை எனக்கு அவன் ஒரு கோமாளிதான். தன்னை நிஜமாக விட்டுப் போன காட்சியையே எடுத்துப் படத்தில் வைத்திருக்கிறான் பாவி. தினமும் உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டி, நிறம் சரிபார்த்து... அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

"நூறு தடவ கேட்டாச்சுக்கா" என்றான் பொத்தானை அழுத்தி. "நீல வாளின்னு சொல்லி ஒரு படத்த முடிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"முடிக்காத. அது உனக்குச் சொன்னது, ஊருக்குச் சொன்னதில்ல. அதுக்காக அவ சொல்லாததக் கொண்டுபோய் அவ முதுகுல ஒட்டுவியா? நான் அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பேச மாட்டேன்."

"உங்களுக்கு என்னக்கா? உங்களுக்கு மூணு தரம் கெடச்சுது. நான் ஒண்ணு கேக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. அதையும் நானேதான் எழுதிக்கிட்டேன்." அவன் குரல் கம்மியது. பிறகு கழுதை, இயக்குநர் புத்தி தலைதூக்கியது. "சரி, உங்க வீட்டுக்காரர் எப்படிச் சொன்னார்னு யோசிங்க. அதே மாதிரி சொல்லிப் பாருங்க. உங்க முகத்தப் பாத்துச் சொன்னாரா, திரும்பி நின்னு சொன்னாரா?"

அவன் குத்திக்காட்டவில்லை. அவனுக்கு நிஜமாகவே அந்த விவரம் தேவைப்பட்டது. அதனால்தான் சமாளிக்க முடியவில்லை எனக்கு.

அந்த நேரம் பார்த்து கீழே கல் அறுக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. இனி ஐந்து நிமிடம் எதையும் பதிவு செய்ய முடியாது. பதிவாகாது என்ற தைரியத்தில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"திரும்பிதான் நின்னார்."

"நின்னு?"

"மன்னிச்சிடுன்னு சொல்லல."

நான் கொட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை. சுவரைப் பார்த்து நின்று தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். அதுவே புதுசு, அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போட்டுக்கொண்டார். பட்டனை மாட்டினார். ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். திரும்பாமலே, "இஸ்திரிப் பெட்டி ஆன்லயே இருக்கு, ஆஃப் பண்ணிடு" என்றார். போய்விட்டார். கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் செருப்பு, ஷூ எதுவும் வாசலில் இல்லை என்று பார்த்தபோதுதான் புரிந்தது. கண்ணீராவது, மன்னிப்பாவது. இருபத்திரண்டு வருடத்துக்கு அந்த ஆள் சொன்ன முடிவுரை அவ்வளவுதான். என்ன சொன்னார் என்று தங்கை கேட்டபோது வெட்கமாக இருந்தது, மன்னிச்சிடுன்னார் என்று ஒன்று சேர்த்தேன். பக்கத்து வீட்டில் கேட்டபோது இரண்டு ஆனது. ஆறு மாதத்துக்குள் அவரை மூன்று தடவை சொல்ல வைத்து, அழவும் வைத்துவிட்டேன். டப்பிங்காரி இல்லையா? அவர் முதுகுக்குக் கச்சிதமாகப் பொருத்திப் பேசிவிட்டேன். கடைசியில் எனக்கே அதுதான் நிஜம் போலக் கேட்க ஆரம்பித்தது.

மெஷின் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்மோர் தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொத்தானை அழுத்தினான்.

"அக்கா. அதச் சொல்லுங்க."

"எத?"

"இஸ்திரிப் பெட்டிய."

"உனக்கு மன்னிப்பு வேணும்னியே?"

"வேணும்தான்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா இது அதவிட மோசமா வலிக்குதுக்கா. இதான் கரெக்ட்."

கண்ணீருக்கு நடுவிலும் நல்ல வசனம் கிடைத்தால் பிடித்துக்கொள்ளும் ஜாதி இந்த இயக்குநர் ஜாதி. அந்த அல்பத்தனத்தைப் பார்த்து எனக்கு அவன்மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது.

"உன் படத்துல இஸ்திரிப் பெட்டியே கிடையாதேடா" என்றேன்.

அப்போது பொத்தான் வாயைத் திறந்தார். "ஃபிரேமுக்கு வெளியில இருக்கு. நான் சத்தம் வெக்கிறேன்." பஸ் டிக்கெட்டின் பின்பக்கமும் நிரம்பியது. மதியம் வீட்டுக்குப் போய்த் தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். சூடேறும்போது அது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அதைப் பதிவு செய்ய முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நல்ல வேளை, அதற்கு ஒன் மோர் கேட்க ஒன்மோருக்குத் தெம்பில்லை.

நான் நாயகியின் கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். இன்னதுதான் வசனம், மன்னிப்பு கிடையாது, நீ அன்றைக்குச் சொன்னதும் கிடையாது, சம்மதமா என்று கேட்டேன்.

"இஸ்திரிப் பெட்டிதானே? பேசிக்கட்டும். அக்கா, அப்படியே அந்த நீல வாளியக் கேட்டு வாங்குங்க. அன்னைக்கு எடுக்கப் போனா, படியிலேருந்து பிடிச்சுட்டு வந்த வாத்து உள்ள உக்காந்திருந்துச்சு. அத எழுப்ப மனசு வரல, விட்டுட்டு வந்துட்டேன்."

மறுபடி மைக் முன்னால் நின்றேன். எந்தக் குரலில் சொல்வது என்று தெரியவில்லை. என்னிடம் போலீஸ்காரி இருந்தாள், பேய் இருந்தது, பல் இருந்தது. எதுவும் பொருந்தவில்லை. தோள் ஏறி இறங்கியது. கை கிளிப்பைத் தொட்டது. தலை அசைந்த இடத்தில் சும்மா என் குரலிலேயே சொன்னேன். "இஸ்திரிப் பெட்டி ஆன்லயே இருக்கு. ஆஃப் பண்ணிடு."

ஒன் மோருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஓகேயும் வரவில்லை. ஒன்மோர் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டான். பொத்தான் நடுவில் பாக்கி விட்டிருந்த ஒரு காட்சியைப் போட்டார். அதில் வாத்து மட்டும்தான். நல்லா வந்ததா இல்லையா என்று தெரியாமலே கத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கும் பாத்ரூமைத் தேய்த்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு நூலகத்தின் மாடி அரங்கில் மதியக் காட்சியாகப் படத்தைப் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜன்னலை மறைக்கப் போர்வைகள். எழுபது பேர் இருக்கலாம், பாதி பேர் அவனுடைய சொந்தக்காரர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் முகத்தை அடையாளம் தெரியவில்லை. கிளிப்பைச் சரிசெய்ய அவள் தலையைத் திருப்பியபோதுதான், அடடே, இது நமக்கு நன்றாகத் தெரிந்த முதுகாயிற்றே என்று பிடிபட்டது.

"வாத்துக்கு வணக்கம்" என்றாள் என்னிடம்.

ஒன்மோர் நீல வாளியோடு வந்தான். நன்றாகத் தேய்த்துக் கழுவிய வாளி. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முதல் வரிசைக்குப் போனான். அவள் வாளியை உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். படம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

வாத்துக்குச் சிரித்தார்கள். பாத்திரம் கழுவும் காட்சியில் சிலர் கொட்டாவி விட்டார்கள். நானும்தான். கடைசிக் காட்சி வந்தது. ஜன்னல், முதுகு. சட்டகத்துக்கு வெளியே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது. தோள் ஏறி இறங்கியது.

"இஸ்திரிப் பெட்டி ஆன்லயே இருக்கு. ஆஃப் பண்ணிடு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. முதுகு போய்விட்டது. காலி ஜன்னல் மட்டும் திரையில் இருந்தது.

மூன்று வருடமாக அந்த ஆள் சொல்லாததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். என் குரலிலேயே, எழுபது பேர் நடுவில் உட்கார்ந்து, தப்பிக்க வழியில்லாமல் கேட்டேன். அவருக்கு என்னிடம் சொல்ல வேறு எதுவுமே இருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அது வலித்தது, இத்தனை நாள் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த வலி, பத்திரமாக அப்படியே இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். முந்தானையைத் திணித்துக்கொண்டேன். தேய்ப்பதற்கு அங்கே தரை இருந்தது, பிரஷ் இல்லை.

"க்கீ" என்றது.

அரங்கமே நிசப்தமாக இருந்த நேரம். முன்னால் இரண்டு தலைகள் திரும்பின. "க்கீ க்கீ க்கீய்ய்" என்று அடுத்தது முழுசாக வந்தது. "அணிலு!" என்றார்கள் யாரோ, ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல. சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் பரவியது. பக்கத்தில் நாயகி, என் தங்கையைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் வாளியையும் இன்னொரு கையால் என் கையையும் இறுக்கிப் பிடித்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கால் வரவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

முதல் வரிசையில் ஒன்மோர் எழுந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். இவன் ஏதாவது வசனம் பேசப் போகிறான் என்று எல்லாரும் அடங்கினார்கள். அவன் முழுசாக எங்கள் பக்கம் திரும்பினான். திரை வெளிச்சத்தில் அந்தத் தாடி, அழுது வீங்கிய மூக்கு, உதடு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்த உதட்டில் வேறு எந்த வசனத்தையும் எவளாலும் ஒட்டியிருக்க முடியாது.

"டேக் ஓகேக்கா" என்றான்.